ஆலய நிலமும் ஆவணத் தேடலும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தேவாரமும் நாதசுரமும் ஒலிக்கின்ற திருவிழாக் காலத்தில் நில அலுவலகம், லாட் எண், நிலவரி என்று பேசுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றக்கூடும். ஆயினும் கொடியேற்றத்திற்கு நடப்படும் கொடிமரம் மண்ணில்தான் ஊன்றப்படுகிறது. அந்த மண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை தெரியாத ஆலயங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் பல உள்ளன. கடந்த ஆண்டுகளில் இடர்ப்பட்ட ஆலயங்கள் பலவும் பக்தர் இல்லாமையால் இடர்ப்பட்டவையல்ல. பத்திரம் இல்லாமையால் இடர்ப்பட்டவை. ஆகவே ஆவணத் தேடலும் இறைபணியின் ஒரு பகுதி என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

செப்பேடு கண்ட மரபு

நிலத்தை எழுதி வைப்பது தமிழர்க்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், அக்கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களையும் அவற்றின் நில அளவையும் வருவாயையும் நுணுக்கமாகக் கூறுகின்றன. இந்நாட்டோடு நேரடித் தொடர்புடைய சான்று ஒன்றும் உண்டு. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அக்கொடையைக் கூறுபவையே லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றவை. பெரிய தொகுதியில் 21 ஏடுகள் உள்ளன. அவற்றின் தமிழ்ப் பகுதியில் பெரும் பங்கு எல்லைகளை விவரிக்கவே செலவிடப்பட்டுள்ளது. எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த ஊரின் எல்லைக்கு மேற்கு என்று ஒவ்வொரு திசையும் சொல்லப்படுகிறது. பெண் யானையை எல்லை வழியே நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்தனர். இராசராசன் வாய்மொழியாகக் கொடுத்த கொடையை அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் செப்பேட்டில் பொறித்தனர். மன்னனின் வாய்ச்சொல்லே ஆயினும் அது எழுத்தில் ஏற வேண்டும் என்று கருதிய மரபு அது.

அம்மரபில் வந்தோர் கடல் கடந்து இங்கு வந்தபோது எழுத்து கைவிட்டுப் போயிற்று. அதற்குக் காரணமும் உண்டு.

ஆலயங்கள் எழுந்த வகை

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆலயங்கள் பெரும்பாலும் மூன்று வகை நிலங்களில் எழுந்தன.

முதலாவது தோட்ட நிலம். இரப்பர்த் தோட்டங்களில் இலயத்திற்கு அருகே மரத்தடியில் சூலமோ கல்லோ நடப்பட்டு, பின்னர் கொட்டகையாகி, அதன்பின் மாரியம்மன் கோயிலாக உயர்ந்தது. அனுமதி என்பது பெரும்பாலும் துரையின் வாய்ச்சொல். தோட்டம் முழுவதும் சில பெரும் பட்டாக்களில் அடங்கியிருந்ததால் கோயிலுக்கென்று தனி லாட் பிரிக்கப்படவில்லை. தோட்டம் கைமாறியபோது கோயிலடி மண்ணும் சேர்ந்தே கைமாறியது.

இரண்டாவது அரசாங்க, இரயில்வே நிலம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற அவ்விடம், இரயில்வேப் பட்டறைகளும் ஊழியர் குடியிருப்புகளும் நிறைந்த ஊராயிற்று. இத்தகைய குடியிருப்புகளில் ஊழியர்கள் தாங்கள் வாழ்ந்த இடத்திலேயே வழிபாட்டிடம் அமைத்தனர். 1992ஆம் ஆண்டில் மலாயா இரயில்வே நிறுவனமயமாக்கப்பட்டபோது அதன் நிலங்கள் இரயில்வே சொத்துடைமைக் கழகத்தின் பொறுப்பிற்கு வந்தன. பழைய இரயில்வே முற்றம் இருந்த இடத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. கோயிலுக்கு அனுமதி தந்த அலுவலகம் வேறு, இன்று நிலத்தை வைத்திருக்கும் அமைப்பு வேறு என்ற நிலை இவ்வாறே உருவாகிறது.

மூன்றாவது வகை, தொடக்கத்திலேயே முறைப்படி நிலம் பெற்ற ஆலயங்கள். வணிகரும் அரசாங்க எழுத்தர்களும் நிறுவிய கோயில்களில் இத்தகையவை உண்டு. பத்திரத்தின் அருமையை அறிந்தவர்கள் அவர்கள். தலைநகரின் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயமே 1873இல் வேறோர் இடத்தில் தோன்றி, 1885இல் இன்றைய இடத்திற்கு மாற்றப்பட்டது என்பது நினைவில் கொள்ளத் தக்கது. நகரம் வளரும்போது கோயிலும் இடம்பெயர நேரிடும். அந்நேரத்தில் கையில் ஆவணம் இருப்பவர் பேசும் பேச்சே செல்லும்.

பதிவேடே முடிவு

இந்நாட்டு நிலச் சட்டத்தின் அடிப்படை தோரன்ஸ் முறையாகும். சர் இராபர்ட் தோரன்ஸ் 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் கொணர்ந்த இம்முறை 1891இல் சிலாங்கூரில் சட்டமாயிற்று. இன்று நடைமுறையில் உள்ள தேசிய நிலச் சட்டம் 1965இல் இயற்றப்பட்டு, 1966 சனவரி 1 முதல் செயற்பட்டு, 2020இல் திருத்திப் பதிப்பிக்கப்பட்டது.

இம்முறையின் சாரம் ஒன்றே: பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். மோசடி, போலி ஆவணம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர அவ்வுரிமையை அசைக்க இயலாது என 340ஆம் பிரிவு கூறுகிறது. எத்தனை ஆண்டுகள் ஒருவர் அனுபவித்து வந்தாலும் அரசு நிலத்தில் உரிமை தோன்றாது என்பது 48ஆம் பிரிவு. தனியார் நிலத்திலும் நீண்டகால அனுபவம் பட்டாதாரரின் உரிமையை அழிக்காது என்பது 341ஆம் பிரிவு. ‘நூறாண்டுக் கோயில்’ என்ற சொல் நெஞ்சை நெகிழ வைக்கும். பேச்சுவார்த்தையில் அதற்கு மதிப்பும் உண்டு. ஆயின் அச்சொல் மட்டும் பட்டாவாகி விடாது.

அண்மைக் கால நிகழ்ச்சிகள் மூன்று இதனை உணர்த்துகின்றன. 2007 அக்டோபர் 30ஆம் நாள், தீபாவளிக்குச் சில நாள்களுக்கு முன், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் இருந்த மாரியம்மன் கோயில், அரசு நிலத்தில் அனுமதியின்றி அமைந்தது என்ற காரணத்தால் இடிக்கப்பட்டது. அந்தத் துயரம் நாடெங்கும் எதிரொலித்தது.

சுபாங் ஜெயாவின் சீபீல்ட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் பழைய தோட்டத்துக் கோயில். தோட்டம் நகரமானபோது நிலம் மேம்பாட்டு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. ஆலய நிர்வாகத்திற்கு உரிமை கோரியோர் ஒரு தரப்பினராக இல்லை. 2014இல் நீதிமன்றத்தில் ஏற்பட்ட இணக்கத் தீர்ப்பு, ஆலயம் வேறிடம் செல்ல வழிவகுத்தது. அதனை எல்லாத் தரப்பினரும் ஏற்கவில்லை. 2018 நவம்பர் 26, 27ஆம் நாள்களில் கலவரம் மூண்டது. அதில் படுகாயமுற்ற தீயணைப்பு வீரர் முகமது அடிப் டிசம்பர் 17ஆம் நாள் உயிர் நீத்தார். ஒரு நிலத்தின் வரலாற்றில் ஓர் இளைஞரின் உயிர் விலையாயிற்று என்பதை எந்த ஆலய நிர்வாகமும் மறக்கலாகாது.

மூன்றாவது, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் உள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம். அது நூறாண்டுக்கு மேற்பட்டதென மதிக்கப்பட்டு வந்தது. அது நின்ற மாநகர் மன்ற நிலம் 2014இல் ஒரு தனியார் நிறுவனத்திற்கு விற்கப்பட்டிருந்தது. 2025 மார்ச் மாதத்தில் அவ்விடத்தில் பள்ளிவாசல் எழுப்பும் திட்டம் பற்றிய செய்தி பரவியபோதுதான் பொதுமக்களில் மிகப் பலர் அவ்விற்பனையை அறிந்தனர். பேச்சுவார்த்தையின் முடிவில், ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவில் மாற்றிடம் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. இடையில் கடந்தவை 11 ஆண்டுகள். பதிவேடு எவரும் பார்க்கத்தக்க பொது ஆவணம். ஆண்டுக்கொரு முறை அதனைப் பார்க்கும் வழக்கம் ஆலயங்கள்தோறும் இருக்குமாயின், இத்தகைய கைமாற்றம் எதுவும் நெடுங்காலம் பக்தர் அறியாமல் இராது.

பெட்டியில் உள்ள காகிதங்கள்

பழைய ஆலயம் ஒன்றின் இரும்புப் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் காணப்படுபவை யாவை? மின்கட்டண ரசீதுகள், தண்ணீர்க் கட்டண ரசீதுகள், மதிப்பீட்டு வரி ரசீதுகள், தோட்ட நிர்வாகி எழுதிய பழைய கடிதம், சட்டமன்ற உறுப்பினரின் ஆதரவுக் கடிதம், குடமுழுக்கு அழைப்பிதழ்கள். காகிதங்கள் நிறைய உண்டு. பத்திரம் எங்கே என்று கேட்டால் மட்டும், ‘அது பழைய தலைவர் வீட்டில் இருந்தது’ என்ற விடையே வரும்.

இவற்றுள் ஒவ்வொன்றும் எதனை நிறுவும் என்பதில் தெளிவு வேண்டும். மின்கட்டண ரசீது, ஆலயம் அவ்வாண்டில் அங்கு இருந்தது என்பதற்குச் சான்று, உரிமைக்குச் சான்றன்று. நகராண்மைக் கழகத்திற்குச் செலுத்தும் மதிப்பீட்டு வரி வேறு. நில அலுவலகத்திற்குச் செலுத்தும் நிலவரி வேறு. முன்னது கட்டடத்தைப் பற்றியது, பின்னது பட்டாவைப் பற்றியது. நிலவரி ரசீது கிடைக்குமாயின் அது புதையலுக்கு ஒப்பாகும். ஏனெனில் அதில் பட்டா எண், லாட் எண், முக்கிம் ஆகிய விவரங்கள் இருக்கும். தேடலின் திறவுகோல் அதுவே. எனினும் மற்றக் காகிதங்களையும் எறிந்துவிடலாகாது. ஆலயத்தின் தொன்மையை அதிகாரிகளிடம் எடுத்துக்கூற அவை உதவும்.

தேடும் முறை

முதற்படி, நிலத்தை அடையாளம் காண்பது. லாட் எண், முக்கிம் அல்லது நகரம், மாவட்டம், மாநிலம் ஆகியவை வேண்டும். ரசீது எதுவும் இல்லையெனில் நில அளவை, வரைபட இலாகாவின் வரைபடத்தில் ஆலயத்தின் இடத்தைக் கண்டு எண்ணை அறியலாம். உரிமம் பெற்ற நில அளவையாளரின் உதவியை நாடுவது நலம். பழைய ஆவணத்தில் உள்ள எண்ணும் இன்றைய எண்ணும் வேறாக இருக்கலாம். நிலம் முதலில் ‘பி.டி.’ எண் பெற்று, அளவை முடிந்தபின் ‘லாட்’ எண் பெறுவதும், பெரிய லாட் பிரிக்கப்பட்டுப் புதிய எண்கள் பெறுவதும் இயல்பு.

இரண்டாம்படி, உரிய அலுவலகத்தை அறிவது. நிலம் என்பது மாநில அரசுகளின் அதிகாரத்திற்கு உட்பட்டது. சிலாங்கூரில் கிராண்ட் போன்ற பட்டாக்கள் ஷா ஆலமில் உள்ள மாநில நில, கனிவள அலுவலகத்திலும், முக்கிம் கிராண்ட் போன்றவை கிள்ளான், பெட்டாலிங் முதலிய மாவட்ட நில அலுவலகங்களிலும் பதிவாகியுள்ளன. கோலாலம்பூர் நிலங்களுக்குக் கூட்டரசுப் பிரதேச நில, கனிவள அலுவலகமே பொறுப்பு. 1974 பிப்ரவரி 1ஆம் நாள் கூட்டரசுப் பிரதேசமாவதற்கு முன் கோலாலம்பூர் சிலாங்கூரைச் சேர்ந்திருந்தது. ஆகவே பழைய கடிதங்களில் சிலாங்கூர் என்று இருப்பது கண்டு திகைக்க வேண்டியதில்லை.

மூன்றாம்படி, தேடலுக்கு விண்ணப்பித்தல். இது இருவகைப்படும். 384ஆம் பிரிவின்படி நிகழ்வது தனிப்பட்ட தேடல். 385ஆம் பிரிவின்படி நிகழ்வது அதிகாரபூர்வத் தேடல். கட்டணம் செலுத்தி எவரும் விண்ணப்பிக்கலாம். நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. அதிகாரபூர்வத் தேடலில் பதிவாளரின் சான்றிதழ் கிடைக்கும். இன்று பதிவேடுகள் கணினிமயமாகிவிட்டதால் இணையம் வழியாகவும் தேட முடிகிறது.

நான்காம்படி, வரலாற்றுத் தேடல். நிலம் முன்னரே ஆலயத்திற்கென ஒதுக்கப்பட்டதா என்பதை அரசிதழ்களில் தேடலாம். தேசிய ஆவணக் காப்பகத்தில் 1875ஆம் ஆண்டு முதலான சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகள் பாதுகாக்கப்படுகின்றன. அக்காலத்து விண்ணப்பங்களும் அதிகாரிகளின் குறிப்புகளும் அவற்றுள் அடங்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் இப்பணியில் ஈடுபட்டால் ஆலயத்திற்குப் பேருதவியாகும்.

தேடல் முடிவைப் படித்தல்

கையில் கிடைக்கும் தாளில் ஏழு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, உரிமையாளர் பெயர். இரண்டாவது, உரிமைக் காலம்: நிலையானதா, குத்தகையா? குத்தகை எனில் முடியும் நாள் எது? 99 ஆண்டு என்பது நீண்ட காலமாகத் தோன்றும். ஆயின் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெற்றதென்றால் அது முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும். மூன்றாவது, நில வகை: விவசாயமா, கட்டடமா, தொழிலா? நான்காவது, சிறப்பு நிபந்தனையும் கட்டுப்பாடும். ‘வழிபாட்டிடத்திற்கு மட்டும்’ என்று இருப்பின் அங்கு வணிகக் கட்டடம் எழுப்பலாகாது. ஐந்தாவது, அடமானமும் கவியட் எனப்படும் முன்தடையும். ஆறாவது, அரசாங்கம் நிலத்தைக் கையகப்படுத்த எண்ணியுள்ளதா என்னும் குறிப்பு. ஏழாவது, பட்டாவின் தன்மை. ‘எச்.எஸ்.’ என்னும் எழுத்துகள் இருப்பின் அது இறுதி அளவைக்கு முந்திய தற்காலிகப் பட்டா. உரிமை உண்டு, எல்லை இன்னும் உறுதியாகவில்லை.

நிலவரி செலுத்தாமை சிறு குற்றமன்று. நில அலுவலகம் கோரிக்கை அறிவிப்பு அனுப்பி, உரிய காலத்திற்குள் பணம் வாராவிடில் நிலத்தைப் பறிமுதல் செய்யச் சட்டம் இடந்தருகிறது. முகவரி மாறியதால் அறிவிப்பு கைக்கு எட்டாமல் போவதுண்டு. திருவிழாவிற்குப் பல்லாயிரம் வெள்ளி திரட்டும் ஆலயம் சில நூறு வெள்ளி நிலவரியால் மண்ணை இழக்கலாகாது.

மறைந்தவர் பெயரில் உள்ள நிலம்

பட்டா உள்ள ஆலயங்களுக்கும் ஒரு பேரிடர் உண்டு. பதிவேட்டில் உள்ள பெயர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன் அறங்காவலராக இருந்த மூவரின் பெயர்கள், மூவரும் மறைந்துவிட்டனர். ‘அறங்காவலர் என்ற முறையில்’ என்ற சொற்கள் பதிவில் இருந்தால் நிலம் ஆலயத்திற்குரியது என்பது வெளிப்படை. அச்சொற்கள் இல்லையெனில் அது அவர்களின் சொந்தச் சொத்தாகவே ஏட்டில் தோன்றும். பேரப்பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தால் நன்று. ஆயின் ஆலயத்தின் பாதுகாப்பை அவ்வாறு விட்டுவைப்பது முறையன்று. நீதிமன்றத்தை நாடிப் புதிய அறங்காவலரை நியமிக்கவோ, பதிவுபெற்ற சங்கத்தின் பெயருக்கே நிலத்தை மாற்றவோ வழக்கறிஞரின் துணையுடன் முயல வேண்டும். சங்கத்தின் பெயரில் நிலம் இருக்க 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் இடமளிக்கிறது. அதற்குச் சங்கப் பதிவு முறையாக இருக்க வேண்டும். பொதுக்கூட்டமும் கணக்கறிக்கையும் ஆண்டுதோறும் நிகழ வேண்டும். நிர்வாகத்தில் இரு அணிகள் வழக்காடும் ஆலயத்திற்கு நிலம் தர எந்த அலுவலகமும் தயங்கும்.

பட்டா இருப்பதுடன் பக்தரின் பொறுப்பு முடிவதுமில்லை. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமம் 1904ஆம் ஆண்டுக் கட்டடம். அதன் வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014இல் வெளிப்பட்டபோது, ஆசிரமக் கட்டடம் காக்கப்படும் என அறங்காவலர்கள் கூறினர். பொதுமக்களில் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2016இல் அது தேசிய மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. நிலத்தைப் பற்றிய முடிவுகள் உறுப்பினருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

பட்டா இல்லையெனில்

தேடலின் முடிவில் நிலம் பிறருடையது என்று தெரியவரின் மனம் தளர வேண்டியதில்லை. உண்மையை முன்கூட்டி அறிவதே பாதி வெற்றி. அரசு நிலமாயின் மாநில அரசிடம் நில ஒப்படைப்பிற்கு விண்ணப்பிக்கலாம். அல்லது 62ஆம் பிரிவின்படி பொதுநோக்கத்திற்கு ஒதுக்கி அரசிதழில் அறிவிக்குமாறு வேண்டலாம். தற்காலிகக் குடியிருப்பு உரிமம் கிடைப்பதுண்டு. ஆயின் அது ஆண்டிறுதியோடு முடிவது, புதுப்பிக்க வேண்டியது, பிறருக்கு மாற்ற இயலாதது. அதனை நம்பிக் கல்லாலான இராசகோபுரம் எழுப்புவது அறிவுடைமையாகாது.

ஒப்புதல் கடிதம் வந்தவுடன் இனிப்பு வழங்கி ஓய்ந்துவிடுவோரும் உளர். கடிதம் பட்டாவன்று. குறித்த காலத்திற்குள் பிரீமியம் முதலிய கட்டணங்களைச் செலுத்தாவிடில் ஒப்புதல் காலாவதியாகும். பதிவேட்டில் ஏறிய நாளே நிலம் கிடைத்த நாள்.

தனியார் நிலமாயின், மேம்பாட்டுத் திட்டம் வரைபட நிலையில் இருக்கும்போதே உரிமையாளரை அணுகி, ஆலய இடத்தைத் தனி லாட்டாகப் பிரித்துத் தருமாறு எழுத்தில் கேட்க வேண்டும். ஊராட்சி மன்றத்தின் உள்ளூர்த் திட்டம் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில், ஆலயம் வழிபாட்டிடமாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து, இல்லையெனில் ஆட்சேபம் எழுதலாம். புல்டோசர் வந்து நின்றபின் பேசுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

செய்யத்தக்கவை

இவ்வாண்டுத் திருவிழா முடிந்தபின் ஆலயந்தோறும் ஐந்து பணிகள் நிகழுமாயின் நன்று. ஆலய நிலத்திற்கு ஓர் அதிகாரபூர்வத் தேடல் எடுத்தல். கிடைத்த முடிவை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசித்தல். பட்டா, வரைபடம், ரசீது யாவற்றிற்கும் மூன்று படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைத்தல். நிலவரி செலுத்தும் நாளை ஆலயப் பஞ்சாங்கத்தில் குறித்தல். பெரியவர்கள் வாழும் காலத்திலேயே ஆலய வரலாற்றை அவர்களிடம் கேட்டு எழுதுதல். இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு நாள் உபயத்திற்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே ஆகும்.

மரத்தடியில் முதற்கல்லை நட்டோர்க்கு எழுத்தறிவு குறைவு, உழைப்பு மிகுதி. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வழக்கறிஞர்களாகவும் நில அளவையாளர்களாகவும் கணக்காய்வாளர்களாகவும் அரசு அலுவலர்களாகவும் உள்ளனர். முன்னோர் கையால் செய்த தொண்டை இவர்கள் எழுத்தால் நிறைவு செய்தல் வேண்டும். அன்று யானை நடந்து காட்டிய எல்லையை இன்று ஒரு தாள் காட்டுகிறது. அத்தாள் ஆலயத்தின் பெட்டியில் இருக்கட்டும். அதன் செய்தி ஒவ்வொரு பக்தரின் நினைவிலும் இருக்கட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக.